கார்ப்பெட் புல்லுக்குப் போன தண்ணீர்

பாப்பா,

உன் கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவி, உறைகளின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் அவள் கையெழுத்தில் அழகாக இருந்திருக்கும். அல்சூர், ஆஸ்டின் டவுன், கே.ஜி.எஃப்., ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக எழுதி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீடுகளில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரிடமும் உன்னைப் பற்றி நான் பொய் சொல்லியிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அதே பேனாவை எடுத்து இதை எழுதத் தொடங்கினேன். நீ முதலில் படி. சரி என்று நீ சொன்னால், நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுகிறேன். பொய்யை அங்கேதான் பரப்பினேன், உண்மையும் அங்கே வருவதுதான் நியாயம்.

நான் யார், எங்கிருந்து வந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் வெட்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் என் காலம் போயிற்று. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ஆயில் கறுப்பு போகாது. உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பேன். உன் டீச்சர் ஒருமுறை கை குலுக்க வந்தபோது கும்பிடு போட்டுத் தப்பித்தேன். என் மகளின் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த ஆசை. வைட்ஃபீல்டில் உனக்கு வேலை கிடைத்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நீ கம்பெனி வண்டியில் ஏறிய முதல் நாள், தெருமுனை வரை பின்னாலேயே வந்து பார்த்தேன். உனக்கு அது தெரியாது.

அந்த வேலையை விட்டுவிட்டு, பொம்மசந்திராவைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் நான் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் பயிர் வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, வீட்டில் யாரோ செத்துப் போனது போல நடந்துகொண்டேன். "மண்ணு கிளர்றதுக்கா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்று கத்தினேன். ஊர் வளர்ந்து அந்தப் பக்கம் வரும், மனை போட்டு விற்கலாம் என்பது என் கணக்கு. நீயோ அதன் தாழ்ந்த மூலையில் ஜேசிபியை விட்டுப் பெரிய பள்ளம் தோண்டினாய். பக்கத்து நிலத்து முனிராஜு அதைக் கன்னடத்தில் ஹொண்டா என்றார், நீ குட்டை என்றாய். என் கண்ணுக்கு அது நல்ல மனை ஒன்றில் விழுந்த ஓட்டை. பள்ளத்துக்குள் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சுற்றிலும் வேலி போட்டு, நிலத்தின் சரிவில் ஓடிவரும் மழைத்தண்ணீர் முழுக்க அதற்குள் வந்து சேரும்படி வாய்க்கால் வெட்டினாய். முதல் மழைக்கு அது ரொம்பியபோது எனக்கு போட்டோ அனுப்பினாய். "கொசு வளர்க்குறியா?" என்று பதில் போட்டேன். அதற்கு நீ ஒரு சிரிப்பு பொம்மையை அனுப்பியிருந்தாய். எனக்கு இன்றைக்கும் அந்தப் பொம்மையைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் பொய்கள் ஆரம்பித்தன. யார் கேட்டாலும் "பாப்பாவா? அதே கம்பெனிதான், இப்ப வீட்டுலேந்தே வேலை" என்பேன். நீ வெயிலில் கறுத்துப்போய் ஒரு வளைகாப்புக்கு வந்தபோது, "நைட் ஷிஃப்ட்டு, தூக்கமே இல்ல, அதான்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு வந்தபோது பொய்க்கு இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டேன். அவர்கள் கே.ஆர்.புரத்தில் இருப்பவர்கள், பையன் பிரபு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், நல்ல இடம். நீ பயிர் செய்வதை நீயே போனில் அவனிடம் சொல்லிவிட்டதால் அதை மறைக்க எனக்கு வழியில்லை. அதனால் அவன் அப்பாவிடம், "ஆனேக்கல் பக்கம் எங்க ஃபார்ம் ஹவுஸ் இருக்கு, பாப்பாதான் பாத்துக்குறா. முன்னாடி லான், பின்னாடி பெரிய குளம்" என்றேன். அங்கே இருந்தது உரமூட்டை அடுக்கிய ஒரு தகரக் கொட்டகையும் அதன் முன்னால் செம்மண் தரையும்தான். "அப்படியா! அப்ப பொண்ணு பாக்குறத அங்கயே வெச்சுக்கலாமே" என்றார் அவர். மாட்டிக்கொண்டேன்.

அது ஆடி மாதம். முதல் மழை நன்றாகப் பெய்துவிட்டு, அப்புறம் வானம் கைவிட்டுவிட்டது. மேகம் வரும், கறுக்கும், காற்று அடித்துப் போய்விடும். நிலத்தில் கேழ்வரகும் பீன்ஸும் இருந்தன. பீன்ஸ் அப்போதுதான் பூ விட்டிருந்தது. நீ முன்பே எனக்குச் சொல்லியிருந்தாய்: "மழை பேஞ்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் குட்டையத் தொடக் கூடாதுப்பா. மழை ஏமாத்துற அன்னிக்குத்தான் அது நமக்கு. பூ விடுற நேரத்துல செடி காஞ்சா, அப்புறம் ஆறா தண்ணி ஊத்துனாலும் காய் வராது." அந்த வாரம் உன் தோழிக்குப் பிரசவம் என்று நீ மைசூருக்குப் போக வேண்டியிருந்தது. பெண் பார்க்க அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக நிலத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னாய். அதுவரை சாயங்காலத்தில் சொட்டு நீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து மூடுவது மட்டும்தான் எனக்குக் கொடுத்த வேலை. கிளம்பும்போது, "தண்ணி இருக்குப்பா. மழையே வரலன்னாலும் பீன்ஸக் காப்பாத்திடலாம்" என்று தெம்பாகச் சொன்னாய்.

நீ பஸ் ஏறியதும் நான் நர்சரிக்குப் போனேன். சுருட்டி வைத்து விற்பார்களே கார்ப்பெட் புல், அதை ஒரு டெம்போ நிறைய வாங்கி வந்தேன். கொட்டகைக்கு முன்னால் ஆளை வைத்து விரித்தேன். குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்தேன். புல் பிடிக்க வேண்டுமானால் மண் ஊறிக் கிடக்க வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும் என்றான் நர்சரிக்காரன். குட்டையில் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை இழுத்து விட்டேன். புழுதி பறக்கக் கூடாது என்று வண்டி வரும் பாதையையும் நனைத்தேன். முனிராஜு வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், பயிர விட்டுட்டு புல்லுக்கு நீர் உடுறீங்க?" என்று கேட்டார். "கெஸ்ட் வர்றாங்கப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வருகிறவர்களுக்கு மைசூர் பாகும் மிக்சரும் வாங்க ஓசூர் ரோட்டுக்குப் போனேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்ற நினைப்பு. மேம்பாலத்துக்குக் கீழே லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டேன். மோட்டார் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. புல் நன்றாக ஊறட்டும் என்றுதான் நினைத்தேன். மூன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டு வேறு மாதிரிச் சத்தம் போட்டது. புல்லைத் தாண்டி, பாதையைத் தாண்டி, தண்ணீர் ரோட்டோரச் சாக்கடையில் ஓடியிருந்தது. குட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு ஷீட்டின் மடிப்புகள் தெரிந்தன. நடுவில் குழம்பிய சேறு கொஞ்சம். ஒரு தவளை அதில் உட்கார்ந்திருந்தது. அப்போதுகூட எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? குளத்தைக் காட்ட முடியாதே என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கவும் அவர்கள் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உனக்கு முகம் கழுவக்கூட நேரமில்லை. நீ புல்லைப் பார்த்தாய். அப்புறம் ஹோஸ் பைப்பைப் பார்த்தாய். அப்புறம் குட்டைப் பக்கம் நடந்து போய், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நின்றாய். உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பிரபுவின் அம்மா உன் பின்னாலேயே வந்தார். அவர் கிருஷ்ணகிரிப் பக்கம் காடு கழனியில் வளர்ந்தவர், அதை நான் விசாரித்திருக்கவில்லை.

"என்னம்மா இது, மழ பேஞ்சு எத்தினி நாளாச்சு, இருக்குற தண்ணியப் பூரா புல்லுல ஊத்தி வெச்சிருக்கு? அங்க பீன்சு வாடிக்கினு நிக்குது. யாரு தொறந்து உட்டது?"

நான் கையில் மைசூர் பாகு தட்டோடு நின்றிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நான்தாம்மா. நீங்க வர்றீங்கன்னு அழகா இருக்கட்டும்னு பண்ணேன். மோட்டார நிறுத்த மறந்துட்டேன்" என்றாய்.

பாப்பா, அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அவ ஊர்லயே இல்லம்மா, நான்தான் செஞ்சேன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? "ஸ்வீட் எடுத்துக்கங்க" என்றேன். அந்த அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். காப்பி குடித்தார்கள், கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ சுடிதாரை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு குட்டைக்குள் இறங்கினாய். டேங்கர்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தாய், எல்லா வண்டிகளும் அபார்ட்மென்ட்டுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அடியில் கிடந்ததைக் குடத்தில் மொண்டு மொண்டு மேலே கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டு போய் ஊற்றினேன். எல்லாப் பாத்திக்கும் போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எந்தப் பாத்தியை விடுவது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. குட்டையை ஒட்டிய இரண்டு பாத்திக்கு ஊற்றினோம். மற்றவற்றைத் தாண்டிப் போகும்போது நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய். அந்த வாரம் முழுக்கப் பூ உதிர்ந்தது. காய்ந்த செடிகளை நீயே பிடுங்கி முனிராஜுவின் மாட்டுக்குப் போட்டாய். கேழ்வரகு எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. நான் வாங்கி வந்த புல்லும் காய்ந்து, மஞ்சள் பாய் மாதிரி கிடந்தது.

அடுத்த வாரமே, இடம் ஒத்து வரவில்லை என்று தரகர் சொன்னார். பொறுப்பில்லாத பெண் என்று அவர்கள் நினைத்து ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். என்னால் உன் பயிரும் போயிற்று, கல்யாணமும் போயிற்று. அது தெரிந்தும், அன்றைக்கே ஓடிப்போய் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். சட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியதும் உண்டு. கடைசியில் ஒரு நாள் போய்விட்டேன். அவர்கள் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, ஃபார்ம் ஹவுஸ் என்று சொன்னதிலிருந்து மோட்டாரை விட்டுவிட்டுக் கடைக்குப் போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிரபுவின் அப்பா ஃபேனைப் பார்த்தார். அவன் அம்மா கேட்டுவிட்டு, "பெத்த பொண்ணு பழிய ஏத்துக்கறத நின்னு பாத்தீங்களாங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பிரபு என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்தான். "எனக்கு அன்னிக்கே தெரியும் அங்கிள்" என்றான். "உங்க செருப்பு பூரா சேறு. அவங்க கையில பயணப் பையும் மைசூர் பஸ் டிக்கெட்டும். நேத்து மோட்டார் போட்டவங்க இன்னிக்கு காலைல எப்படி மைசூர்லேந்து வருவாங்க?"

"அப்புறம் ஏம்ப்பா வேணாம்னு சொன்னீங்க?"

அவன் நின்றுவிட்டான். "நாங்க எங்க அங்கிள் சொன்னோம்? அவங்கதான போன் பண்ணி வேணாம்னாங்க. 'முதல் நாளே உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். காலத்துக்கும் அந்தப் பொய்யோட உங்க வீட்டுல இருக்க முடியாது. உண்மையச் சொல்லி எங்கப்பாவ உங்க முன்னால தலகுனிய வெக்கவும் முடியாது'ன்னாங்க."

அன்றைக்கு மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, போய்ச் சொல்லிவிட்டேன் என்றபோதுதான் நீ முதல்முறையாக உடைந்தாய். எனக்கு நினைவிருக்கிற வரையில் நீ அம்மாவின் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. "தண்ணி போனது ஒண்ணும் பெருசு இல்லப்பா. அடுத்த மழைக்கு ரொம்பிடும்" என்றாய். "என்னைப் பாத்து வெட்கப்படுறீங்கன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். ஹேமா அத்தை நைட் ஷிஃப்ட்டு எப்படிப் போகுதுன்னு கேட்டப்ப என்ன சொன்னேன் தெரியுமா? 'கஷ்டம்தான் அத்தை, பழகிடுச்சு'ன்னேன். நீங்க சொன்ன பொய் கீழ விழுந்துடக் கூடாதுன்னு, வாங்கி வாங்கித் தலையில வெச்சுக்கினு திரிஞ்சேன்."

நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றவன். என் வெட்கத்தை நானே சுமந்திருந்தால் அது என்னோடு போயிருக்கும். அதை உன் தலையில் ஏற்றினேன். உன் செடி காய்ந்ததைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிரபுவுக்காகவோ, நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகவோ, எனக்காகவோ இனி பழியை ஏற்றுக்கொள்ளாதே. நீ அன்பினால்தான் செய்கிறாய். ஆனால் உன் அன்பின் நிழலில் என் மாதிரி ஆட்கள் சௌகரியமாக ஒளிந்துகொள்வார்கள். பிரபு அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்ததும், அவன் அம்மாவே நிலத்துக்கு வந்து உன்னோடு வரப்பில் உட்கார்ந்து பேசியதும் நல்லபடியாக முடிந்தது. அது உங்கள் மூன்று பேருடைய பெருந்தன்மை. அதில் எனக்குப் பங்கு கேட்க மாட்டேன்.

மழை ஆவணிக் கடைசியில் வந்தது. குட்டை மறுபடி ரொம்பியது. பீன்ஸ் போன இடத்தில் நீ அவரைக்காய் போட்டாய். போன வாரம் பட்டுப்புடவை எடுக்க உன்னை உன் வருங்கால மாமியார் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனபோது, நிலத்தைப் பார்த்துக்கொள்ள மறுபடியும் என்னைத்தான் விட்டுப் போனாய். முனிராஜுவிடம் சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. அவரை பூத்திருந்தது. மழை நின்று நாளாகியிருந்தது, இலைகள் மதியத்தில் துவண்டு தொங்கின. சாயங்காலம் வால்வைத் திறக்கச் சொல்லியிருந்தாய். நான் வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை போகவில்லை. குட்டையைப் பார்த்தேன், செடியைப் பார்த்தேன். உனக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். கடைச் சத்தத்துக்கு நடுவில் நீ எடுத்தாய்.

"பாப்பா, திறக்கட்டுமா? நாளைக்கு மழை வந்துடுமோ என்னவோ. ஒரு நாள் பாக்கலாமா? நீ வந்து..."

"அப்பா" என்றாய். பின்னால் உன் மாமியார் ஏதோ ஒரு சேலையின் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாய். "செடிக்குத் தாகமா இருக்குல்ல? அதுக்குத்தானப்பா சேத்து வெச்சிருக்கோம். பயப்படாம திறங்க."

நீ போனை வைக்கவில்லை. நான் வால்வைத் திருப்பும் வரை, குழாயின் துளைகளில் தண்ணீர் சொட்டத் தொடங்கும் வரை, அந்தப் பக்கம் காத்திருந்தாய். "வருதும்மா" என்றேன். "சரிப்பா" என்றாய்.

உன் அப்பா